லெவல் நான்கில் வடக்கே போவது எப்படி

பனிமுடி விளையாட்டில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் அறிவுரை, முப்பதாவது லெவல் வரும்வரை வடக்கே போகாதே என்பதுதான். நானும் அதைத்தான் சொன்னேன். சீல் சார் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கீழே தேதி போட்டார். பிறகு, "வடக்குக்கு எந்த வழியா போகணும்?" என்று கேட்டார்.

நாங்கள் இருவரும் லிஃப்ட் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறோம். நான் புகார்ப் பிரிவு. ஊரில் எந்த லிஃப்ட் பாதியில் நின்றாலும், எந்தக் கதவு யாருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாலும், முதலில் என் கணினியில்தான் வந்து விழும். அவர் முதுநிலை ஆய்வாளர். சந்தேகம் வந்தால் சிவப்பு நாடாவைக் கட்டி, ஈயத்தில் முத்திரை குத்தி லிஃப்டை மூடிவிடுவார். சந்தேகம் அவருக்கு அடிக்கடி வரும். இருபத்திரண்டு வருடங்களில் அவர் மூடிய எந்த லிஃப்டையும் தவறாக மூடியதாக மேலிடம் சொன்னதில்லை. அதனால் அவருக்குச் சீல் என்று பெயர். எதிரில் சார். அவர் இல்லாதபோது சீல். காதில் பாதி விழும் தூரத்தில் இருந்தால் சீல் சார்.

நான் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறு கையால் விளையாடுவேன். நான்கு வருடமாக இதுதான் வழக்கம். அன்றைக்கு அவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் போட்டார்.

"ஏம்மா, நீ மத்தியானம் ஒரு ஊருக்குப் போவியே, கோட்டையெல்லாம் இருக்குமே, அதுக்குப் பேரு பனிமுடியா?"

"ஆமா சார். ஊரில்ல, கேமு."

"அங்க என் தங்கச்சி இருக்கா."

"என்ன பேர்ல சார்?"

அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்துப் படித்தார். "கருந்தேள்."

நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

கருந்தேளைத் தெரியாதவர்கள் பனிமுடியில் கிடையாது. வடக்கே மலை உச்சியில் இருக்கும் கோட்டைக்கு அவள்தான் தலைவி. அவளுடைய கில்டில் நாற்பது பேர். கில்டு என்பது சேர்ந்து சண்டை போடுகிறவர்களின் சங்கம். போன வருடம் தெற்குப் படை முழுவதையும் ஒரே பாலத்தில் வைத்து எரித்தவள் அவள். விளையாட்டில் நான் ஆட்டிவைக்கும் என் ஆளையே இரண்டு முறை கொன்றிருக்கிறாள். இரண்டாவது முறை மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கொன்றாள்.

"கருந்தேள் உங்க தங்கச்சியா சார்?"

"நல்ல பொண்ணு" என்றார். "சின்ன வயசுல இருட்டுன்னா பயம்."

தங்கை அவரோடு பேசி மூன்று வருடமாகிறது. அதன் காரணம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அதன் கோப்பு எங்களிடம்தான் இருக்கிறது. தங்கையின் கல்யாணம் நான்கு மாடி மண்டபம் ஒன்றின் நான்காவது மாடியில் ஏற்பாடாகியிருந்தது. அன்று காலை எட்டு மணிக்கு அண்ணன் புதுச் சட்டையும் சிவப்பு நாடாவுமாக வந்தார். லிஃப்டின் மேல் ஏறிப் பார்த்தார். நான்கு கம்பி வடங்களில் ஒன்றில் ஒரு புரி முழுவதும் அறுந்திருந்தது. லிஃப்டை மூடினார்.

மாப்பிள்ளையின் தாத்தாவை ஆறு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலியின் கால் ஒடிந்தது. தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் அந்தத் திருப்பத்திலேயே உட்கார்ந்துகொண்டு, இனி மேலேயும் வரமாட்டேன், கீழேயும் போகமாட்டேன் என்றுவிட்டார். படி அடைபட்டது. கீழே மாப்பிள்ளையும் இருநூறு விருந்தினர்களும், மேலே மணப்பெண்ணும் பதிவாளரும். பதினோரு மணிக்குப் பதிவாளருக்கு வேறொரு கல்யாணம் இருந்தது. அவர் தாத்தாவைத் தாண்டிக் குதித்துப் போய்விட்டார். தங்கைக்கு அடுத்த புதன்கிழமை பதிவு அலுவலகத்தில், பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்தவர்களின் வரிசை முடிந்த பிறகு, நான்கு பேர் முன்னிலையில் கல்யாணம் நடந்தது.

அதுவரை அவள் அழுதாளே தவிரப் பேச்சை நிறுத்தவில்லை. வடத்தைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, ஏழு பேர் ஏறியிருந்தால் அறுந்திருக்கும் என்ற அறிக்கை வந்ததும், சார் அதன் நகலைத் தங்கைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். அதன் பிறகுதான் நிறுத்தினாள்.

"வீட்டுக்கே போயிப் பாக்கலாமே சார்?"

"போன வருஷம் போனேன். விமானத்துல ஆறு மணி நேரம். கதவைத் தட்டினா உள்ளே டிவி சத்தம் கேட்டுது. நாப்பது நிமிஷம் நின்னேன். டிவி சத்தத்த மட்டும் கொறைச்சா."

இப்போது மாப்பிள்ளை ரகசியமாகப் போன் செய்திருக்கிறார். தங்கைக்கு அடுத்த மாதம் குழந்தை. குழந்தை வரப்போகிறது என்பதால் இந்த மாதக் கடைசியோடு பனிமுடியை விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். போனில் அண்ணனின் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாள். கதவும் திறக்காது. தடை இல்லாமல் அவள் எதிரில் போய் நிற்க மிச்சமிருந்த ஒரே இடம் பனிமுடி. மாதக் கடைசிக்கு ஒன்பது வேலை நாட்கள் இருந்தன.

"என் ஆள எடுத்துக்கங்க சார். லெவல் அறுபது. ரெண்டு நிமிஷத்துல கோட்டை வாசல்ல நிப்பீங்க."

"அது ஆள்மாறாட்டம்."

"அப்ப நான் போய் அவங்ககிட்ட சொல்லட்டா? உங்க அண்ணன் பேசணும்னு சொல்றாருன்னு?"

"ஆள் விட்டுச் சொல்றதுக்கு நான் என்ன கலெக்டரா? நானேதான் போகணும்."

இப்படியாக அவரைப் பதிவு செய்தோம். அலுவலகத்தில் என் கணினி ஒன்றுதான் அந்த விளையாட்டைத் தாங்கும் என்பதால், சாப்பாட்டு நேரமான ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் வரை நான் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தேன்.

பெயர் கேட்ட கட்டத்தில் அவர் முதுநிலை ஆய்வாளர் என்று தட்டினார். பெயர் நீளக்கூடாது என்று விளையாட்டு அதைப் பாதியில் வெட்டிவிட்டது. தலைக்கு மேல் 'முதுநிலை ஆ' என்று மிதக்க, எங்கள் ஆள் உலகத்துக்குள் பிறந்தார். முகம் அமைக்க இரண்டு மதிய வேளைகள் ஆயின. தங்கை பார்த்தவுடன் அடையாளம் தெரிய வேண்டும் என்றார். பனிமுடியில் வீரர்களுக்கும் மந்திரவாதிகளுக்கும் தொப்பை கிடையாது. மீசையும் தொப்பையும் முன்வழுக்கையும் சேர்ந்து வருவது குள்ளர் இனத்துக்கு மட்டும்தான். குள்ளராக இருக்கச் சம்மதமா என்று கேட்டேன். "பார்வைக்கு ஒத்துப்போனா சரி" என்றார்.

புதியவர்கள் எல்லோரும் ஒரு சிறிய கிராமத்தில் தொடங்குவார்கள். அங்கே மாவு அரைக்கிறவர் பத்து எலிகளைக் கொல்லச் சொல்வார், கொல்லன் கரி பொறுக்கி வரச் சொல்வார். சொன்னதைச் செய்தால் லெவல் ஏறும். யார் என்ன வேலை சொன்னாலும் மறுக்காதே என்பது இரண்டாவது அறிவுரை. சார் மாவு அரைக்கிறவரிடம் அந்த உத்தரவை எழுத்துமூலம் தரும்படி கேட்டார். மாவு அரைக்கிறவர் கணினி ஆட்டிவைக்கும் ஆள். அவருக்குப் பத்து எலி என்பதைத் தவிர வேறு பேச்சு தெரியாது. சார் அவரைவிட்டுக் கிராமத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார். கிணற்றுக்கு மூடி இல்லை. பாலத்துக்குக் கைப்பிடி இல்லை. காற்றாலையின் இறக்கை ஆள் உயரத்துக்குத் தாழ்ந்து சுற்றியது.

"இதையெல்லாம் யார்கிட்ட சொல்லணும்?"

விளையாட்டை நடத்தும் நிறுவனத்துக்குக் குறை தெரிவிக்க ஒரு பக்கம் உண்டு. நிறம் மாறுகிறது, படம் நின்றுபோகிறது என்று எழுதுவதற்கான பக்கம் அது. காட்டினேன். குறை, இடம், ஆபத்தின் அளவு, செய்ய வேண்டியது, காலக்கெடு என்று எங்கள் அலுவலகப் படிவத்தின் வரிசையில் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். எனக்கும் அது கைவந்த வேலை. மூன்றாம் நாள் முடிவதற்குள் பதினேழு குறைகள் போயிருந்தன.

பாலத்தை அளந்துகொண்டிருந்தபோது எங்கள் கண்காணிப்பாளர் பின்னால் வந்து நின்றார். திரையில் தொப்பையோடு ஒரு குள்ளர், கையில் கோடாலி.

"என்ன சார் இது?"

"பால ஆய்வு."

"நம்ம எல்லையா?"

"எல்லைக்கு வெளியே. சாப்பாட்டு நேரம்."

கண்காணிப்பாளர் தலையாட்டிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் கணக்குப் பார்த்தோம். முப்பதாவது லெவலுக்குச் சாதாரணமாக இரண்டு மாதம் ஆகும். எங்களிடம் ஆறு மதியங்கள் இருந்தன. அவர் நான்காவது லெவலில் இருந்தார். அதுவும் காற்றாலை இறக்கையைக் கோடாலியால் தடுத்துப் பார்த்ததற்கு விளையாட்டு தவறுதலாகக் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

"சண்டை போடாம நடந்தே போகலாம் சார். செத்துச் செத்துப் போகணும்."

"சாவுன்னா?"

"ஓநாய் கடிக்கும். செத்தா கடைசியா எந்தக் கல்விளக்க ஏத்துனீங்களோ அங்க எழுந்திருப்பீங்க. அதனால வழியில ஒரு விளக்கையும் விடாம ஏத்திட்டே போங்க. ஓநாய்க்குப் பதினோரு அடிதான் கண்ணு தெரியும். மழை பெஞ்சா ஏழு அடி."

"அப்ப மழையிலதான் போகணும்."

எந்த அறிவுரைப் பக்கத்திலும் மழைக்காகக் காத்திருக்கச் சொல்லி நான் படித்ததில்லை. நாங்கள் காத்திருந்தோம். குள்ளர் ஒரு மரத்தடியில் நின்றார். சார் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு இரண்டு நீட்டினார். திரையில் வானம் கறுத்து மழை இறங்கியதும் பொட்டலத்தை மூடிவிட்டு நடந்தார். மழை நின்றதும் நின்றார். விரல் ஒன்றால்தான் அவருக்குத் தட்டவரும். நடக்கும் விசையை அவர் லிஃப்ட் பொத்தானை அழுத்துவதுபோல ஒருமுறை அழுத்திவிட்டுக் காத்திருப்பார். அழுத்திப் பிடித்திருக்க வேண்டும் என்று புரியவே ஒரு நாள் பிடித்தது.

வழியில் ஒரு குடிசையில் ஒரு குடம் தேன் கிடைத்தது. தேனைச் சுமக்காதே, கரடி மோப்பம் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த அறிவுரை.

"தூக்கிப் போடுங்க சார்."

"மூணு வருஷம் கழிச்சு தங்கச்சியப் பாக்கப் போறேன். வெறுங்கையோடயா போவாங்க?"

கரடி அவரை ஒன்பது முறை கொன்றது. ஒவ்வொரு சாவையும் குறிப்பேட்டில் எழுதினார். சாவு ஒன்று, ஓநாய், கவனக்குறைவு. சாவு இரண்டு, பள்ளம், தடுப்பு இல்லை. சாவு பதினான்கு, கரடி, தேன். சாவு இருபத்திரண்டில் கரடி குடத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு பயணம் வேகமாக நடந்தது. சார் மட்டும் அந்த மதியம் முழுவதும் என்னோடு பேசவில்லை.

ஏழாம் நாள் மலையடிவாரத்துக்கு வந்துவிட்டோம். நான் விளையாடிய நான்கு வருடத்தில் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. செங்குத்தான பாறையின் உச்சியில், மேகத்துக்கு மேலே, கருந்தேளின் கோட்டை. மேலே போக இரண்டு வழிகள். ஒன்று தொள்ளாயிரம் படிகள். படியில் இருக்கும் ஓநாய்களுக்குக் கண் நன்றாகத் தெரியும். மழையும் அங்கே பெய்யாது. இன்னொன்று, கயிறும் கப்பியுமாகத் தொங்கும் மரக்கூண்டு. ஏறி நின்றால் அரை நிமிடத்தில் கோட்டை வாசல்.

குள்ளர் கூண்டுக்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"ஏறுங்க சார்."

"எத்தனை பேர் ஏறலாம்னு பலகை எங்க?"

"சார்."

"பலகை இல்லாம எப்படிம்மா?"

"சார், இது படம். கயிறு படம். கூண்டு படம். நீங்களும் படம்."

"அப்ப ஒருத்தரும் விழமாட்டாங்களா?"

விழுவார்கள். அந்தக் கூண்டிலிருந்து அவ்வப்போது யாராவது ஒருவர் காரணமே இல்லாமல் அடிவழியாகக் கீழே விழுந்து சாவது பனிமுடியில் பிரசித்தம். அதற்கு மலையின் சாபம் என்று பெயர். ஏறுவதற்கு முன் மலைக்கு ஒரு பூவை வீசினால் சாபம் தொடாது என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். நானும் மூன்று வருடமாகப் பூ வீசிக்கொண்டிருக்கிறேன். இதை அவரிடம் சொன்னேன்.

சார் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. புகார்ப் பிரிவில் இருந்துகொண்டு இப்படியா என்ற வருத்தம் இருந்தது.

அந்த மதியமும் அடுத்த மதியமும் அவர் கூண்டின் அருகே நின்று, ஏறுகிறவர்களை எண்ணினார். முப்பத்தொரு பயணங்கள். ஆறு பேர்வரை ஏறினால் எவரும் விழவில்லை. ஏழாவது ஆள் ஏறிய ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் விழுந்தார். பூ வீசியவர்களும் விழுந்தார்கள். எட்டாம் நாள் ஒன்று முப்பத்தைந்துக்கு அறிக்கை தயாரானது. நான்தான் தட்டினேன். 'செய்ய வேண்டியது' என்ற இடத்தில், குறை சரிசெய்யப்படும்வரை கூண்டை மூடிச் சிவப்பு நாடா கட்டவும் என்று அவர் சொன்னார். ஆபத்தின் அளவு என்ற இடத்தில் மிக அதிகம் என்று நானே போட்டேன். நல்ல அறிக்கை. அனுப்பினேன்.

"நாளைக்குக் கடைசி நாள் சார். அவங்க பதில் போடலைன்னா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போடலைன்னா அப்படியே ஏறிடறேன்."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்கமாட்டார்கள்.

ஒன்பதாம் நாள் ஒரு மணி அடித்ததும் உட்கார்ந்தோம். ஆடுகிறவர் எந்த நாட்டில் இருந்தாலும் பனிமுடிக்குள் எங்கள் ஊர் மணிதான் ஓடும். மலையடிவாரத்தில் கூட்டம். கருந்தேளின் கில்டு நாற்பது பேரும் கவசமும் குதிரைகளுமாக நின்றிருந்தார்கள். கீழே சந்தையில் மருந்து வாங்க வந்தவர்கள், மேலே திரும்ப முடியாமல் நின்றார்கள். கூண்டுக்குக் குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தது. நிறுவனம் அதைக்கூட விடாமல் செய்திருந்தது. பக்கத்தில் ஒரு பலகை:

'கூண்டு பழுதுபார்ப்புக்காக இன்று மூடப்பட்டுள்ளது. ஏழாவது நபர் ஏறும்போது ஒருவர் கீழே விழும் குறையைத் தக்க சான்றுகளுடன் தெரிவித்த முதுநிலை ஆ அவர்களுக்கு எங்கள் நன்றி.'

"யாருப்பா அது முதுநிலை ஆ?" என்று ஒருவர் எழுதினார்.

"ஆ-ன்னா என்ன ஆ?"

"கையில கெடைச்சான், அவனுக்கு ஆ-தான்."

சார் நடுவில்தான் நின்றிருந்தார். பெயர் தலைக்கு மேல் மிதந்தது. ஒற்றை விரலால் அவர் 'நான்தான்' என்று தட்டி முடிப்பதற்குள் நாற்பது பேரும் திரும்பியிருந்தார்கள். கூட்டம் விலகியது. கறுப்புக் கவசத்தில் கருந்தேள் வந்து நின்றாள். எங்கள் குள்ளர் அவளுடைய முழங்கால் உயரம் இருந்தார். அவள் பலகையைப் பார்த்தாள், சிவப்பு நாடாவைப் பார்த்தாள், பெயரைப் பார்த்தாள்.

"அண்ணா?"

"ஆமா பாப்பா" என்று சார் தட்டினார்.

"பாப்பாவா?" என்று பின்னால் ஒருவர் எழுதினார். கருந்தேள் திரும்பாமலே கையை உயர்த்தினாள். எழுதியவர் மேல் இடி விழுந்தது. பிறகு யாரும் எழுதவில்லை.

"இங்க எதுக்கு வந்த?"

"உன்னப் பாக்க."

"பாக்க வந்தவன் லிஃப்ட ஏன் மூடுன?"

சார் முதல் எழுத்துக்கான விசையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மேல பனி அரசன் கதவு மாசத்துல ஒரே நாள்தான் தொறக்கும்" என்று அவள் எழுதினாள். வரிகள் வேகமாக வந்தன. "ஒண்ணு இருபதுக்கு மூடிடும். இதுவரைக்கும் யாரும் அவன ஜெயிச்சதில்ல. மூணு வருஷமா இதுக்குத்தான் தயார் பண்ணேன். என் கல்யாணத்தன்னிக்கு ஒண்ணுமே என் கையில இல்லாம உக்காந்திருந்தேன் பாரு, அதுக்கப்புறம் நானா ஆரம்பிச்சு நானா முடிக்கிறது இது ஒண்ணுதான். இன்னிக்கு எனக்குக் கடைசி நாள். இப்ப மணி ஒண்ணு பன்னெண்டு."

சார் என்னைப் பார்த்தார். "என்னம்மா சொல்றது?"

"இதுக்கெல்லாம் யாரும் அறிவுரை எழுதி வைக்கல சார்."

அவர் திரைப் பக்கம் திரும்பி, 'ஏழு பேர் ஏறியிருந்தா' என்று தட்டினார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அவர் ஒன்றைத் தட்டிவிட்டு அழித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

"முந்தின நாள் சாயங்காலமே நான் அந்த சத்தத்தக் கேட்டேன்" என்று எழுதினார்.

"எந்த சத்தம்?"

"மண்டபத்துல. நாற்காலி எறக்க வந்திருந்தேன். லிஃப்ட் ரெண்டாவது மாடி தாண்டும்போது ஒரு கீச்சு. ஒரே தடவைதான். அப்பவே மேல ஏறிப் பாத்திருக்கணும். நாளைக்கு உன் கல்யாணம், இன்னிக்கு ஒரு நாள் ஆய்வாளரா இல்லாம அண்ணனா இருப்போம்னு நெனச்சு வீட்டுக்குப் போயிட்டேன்."

இதை எழுத அவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. பனிமுடியில் இரண்டு நிமிடம் யாராவது சும்மா நின்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். கருந்தேள் போகவில்லை.

"அப்பவே பாத்திருந்தா?"

"ஆள் வந்து ராத்திரியே வடத்த மாத்தியிருப்பாங்க. காலையில உன் கல்யாணம் நடந்திருக்கும்."

"இத ஏன் மூணு வருஷமா சொல்லல?"

"லேப் ரிப்போர்ட்ல அது வராது" என்று எழுதினார். கொஞ்சம் கழித்து, "தப்பு என்னுது பாப்பா" என்று எழுதினார்.

திரையில் பனி விழுந்தது. நாற்பது பேரும் அப்படியே நின்றார்கள். கடைசியில், குதிரைமேல் இருந்த ஒருவர் மட்டும் பயந்து பயந்து எழுதினார்: "தலைவி, ஒண்ணு பத்தொன்பது."

"தெரியும்" என்றாள் கருந்தேள்.

ஒன்று இருபது ஆனது. மலை உச்சியில் எங்கோ பெரிய கதவொன்று மூடும் ஓசை கேட்டது. அந்த ஓசையை நிறுவனம் நன்றாகச் செய்திருந்தது.

"எல்லாரும் குதிரைய விட்டு எறங்குங்க" என்று அவள் எழுதினாள். "படியில ஏறிக் கோட்டைக்குப் போறோம். இவர நடுவுல விட்டுக்கங்க. லெவல் நாலு. ஓநாய் மூச்சு விட்டாலே செத்துடுவார்."

"தலைவி, இவராலதான..."

"என் அண்ணன நான் திட்டிக்கிறேன். நீ ஏறு."

பிறகு எங்கள் குள்ளரைப் பார்த்து எழுதினாள்: "மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத. உன்னக் கீழ விட்டுட்டுப் போனா வேற எதையாவது மூடுவ."

இருபது பேர் முன்னால், இருபது பேர் பின்னால், நடுவில் கருந்தேளும் குள்ளரும். படி ஏறத் தொடங்கினோம். ஓநாய்கள் இரண்டு பக்கமும் பாய்ந்தன. ஆட்கள் அலுத்துக்கொண்டே அவற்றை வெட்டினார்கள்.

"குழந்தை எப்ப?" என்று சார் எழுதினார்.

"உனக்கு யார் சொன்னா?"

"மாப்பிள்ளை."

"அவருக்கு வீட்ல இருக்கு." ஐந்தாறு படிகள் கழித்து, "அடுத்த மாசம் பதினெட்டுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள். "வீங்கிப் போயிருக்கேன். செருப்பு போட முடியல. நீ எங்கிருந்து பேசுற?"

"ஆபீஸ்லேருந்து. சாப்பாட்டு நேரம்."

"அப்ப சாப்பிடலையா?"

"பிஸ்கட்."

"எத்தனை நாளா?"

"ஒம்போது."

"லூசு" என்று எழுதினாள் கருந்தேள்.

ஒன்றே முக்கால் ஆனபோது இருநூற்றுப் பன்னிரண்டு படிகள்தான் ஏறியிருந்தோம். எனக்கு அரை நாள் விடுப்புக் கடிதம் ஒன்று தட்டித் தர முடியுமா என்று சார் கேட்டார். கணினி அவர் கையில் இருந்ததால் காகிதத்தில் எழுதினேன். காரணம் என்ன போடட்டும் என்றேன். சொந்த வேலை என்றார். கையெழுத்துப் போடும்போதும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடிதத்தைக் கண்காணிப்பாளர் மேஜையில் வைத்துவிட்டு வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

சாருக்கு ஒரு விரல்தான். அதை வைத்து நடந்தால் எழுத முடியாது, எழுதினால் நடக்க முடியாது. அதனால் தங்கை ஏதாவது கேட்கும்போதெல்லாம் அவர் நின்று பதில் எழுதினார். எழுதியதைப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகுதான் அனுப்பினார். அவர் நின்றபோதெல்லாம் கருந்தேள் நின்றாள். கருந்தேள் நின்றபோதெல்லாம், முன்னால் இருபது பேரும் பின்னால் இருபது பேரும், வாளை உருவியபடி, படியிலேயே நின்றார்கள். அவள் நிறையக் கேட்டாள்.